பருவத்திற்கேற்ற சாறு வகைகள்

தென்காசி, குற்றாலம் பகுதிகளில் காய்கறி பயிரிடும் குடியானவர்கள், விலை இறங்கிய காலத்தில் எஞ்சியவற்றை எருக்குழியில் இடுவதுண்டு. வீடுகளிலோ, காய் கீரைகளை வேகவைத்த நீரை வடித்துக் கொட்டிவிடுகின்றனர். 'பி', 'சி' ஜீவசத்துக்கள் நீரில் கரையும் இயல்புடையவை. ஆதலின் நீருடன் சத்தும் வீணாகின்றது. இவ்விரு நஷ்டங்களையும் குறைப்பதற்குச் சாறு வைத்தலே எளிய வழியாகும்.

சாரல் காலம் (ஆனி முதல் ஆவணி வரை): ஒரு கைப்பிடி கொள்ளை 8 மணி நேரம் ஊறவைத்து, 1 லிட்டர் நீரில் குழைய வேகவைத்து வடித்துக்கொள்க. வடிநீரில் சிறிது புளிக்கரைசலும் உப்பும், தட்டிய மிளகு, சீரகம், பூண்டும் சேர்த்து, நுரை கட்டியதும் இறக்குக. எஞ்சிய கொள்ளு துவையலுக்கு ஆகும்.

மழையும் பனியும் (ஐப்பசி முதல் தை வரை): 2 கைப்பிடி முருங்கைக்கீரையைச் சின்ன வெங்காயம், சீரகம் ஆகியவற்றுடன் பாத்திரத்தை மூடி, 10 நிமிஷம் வேகவைத்து, கீரையோடு மசித்துக்கொள்க. இறக்கிய பின்னரே எலுமிச்சஞ்சாறு பிழிதல் வேண்டும். 'சி' ஜீவசத்து கொதியில் அழியும். கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதற்கு அச்சத்தே துணை செய்வது. எலுமிச்சைக்குப் பெயர் பெற்ற புளியங்குடி இம்மாவட்டத்திலேயே உள்ளது.

கோடைக்காலம் (பங்குனி முதல் வைகாசி வரை): சுரைக்காய் அல்லது வெள்ளரிக்காயைச் சிறிது நீரில் வேகவைத்து, அந்நீருடனேயே மசித்து, நன்கு ஆறிய பின் மோரும் உப்பும் கலந்து பருகுக. சூட்டில் சேர்த்தால் மோர் திரிந்துவிடும்.

கருவுற்ற பெண்டிருக்கும் வளரும் குழந்தைகளுக்கும் இரும்புச்சத்து மிகுதியும் தேவை. கொல்லையில் ஒரு முருங்கையும் ஒரு சுரைக்கொடியும் வளர்ப்பது எக்குடும்பத்திற்கும் பெருஞ்செலவன்று.