உங்களுக்குத் தெரியுமா? – டோரி கட்சியின் வலது ஓரம்

● பிரிட்டனின் கன்சர்வேடிவ் (டோரி) கட்சிக்குள்ளேயே, அந்தக் கட்சியின் பிரதமரை எதிர்ப்பதற்கென்று ஒரு சங்கம் பிறந்தது. 1960 பிப்ரவரி 3 அன்று பிரதமர் ஹெரால்ட் மேக்மில்லன் கேப்டவுனில் தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தில் பேசினார். ஆப்பிரிக்கா முழுவதும் மாற்றக் காற்று வீசுகிறது, மக்களின் தேச உணர்வை ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்பது அந்தப் பேச்சின் சாரம். காலனிகளைக் கைவிடுவதா என்று கொதித்த இளைஞர்கள் நான்கு பேர் 1961 ஜனவரி 1 அன்று தொடங்கியதுதான் ‘மண்டே கிளப்’.

● அந்தக் கிளப்பின் முதல் கௌரவத் தலைவர் ஐந்தாம் சாலிஸ்பரி பிரபு. வெள்ளையர் ஆண்ட ரொடீசியாவின் தலைநகருக்கும் சாலிஸ்பரி என்றே பெயர். பிரதமராக இருந்த இவருடைய தாத்தாவின் நினைவாக வைத்த பெயர் அது. இன்று அந்த நகரம் ஹராரே.

● 1965 நவம்பர் 11 அன்று ரொடீசியாவின் வெள்ளைச் சிறுபான்மை அரசு தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்தது. அதன்மீது எண்ணெய்த் தடை விதிக்கும் தீர்மானம் டிசம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு வந்தது. வாக்களிக்காமல் ஒதுங்கி நிற்பது கன்சர்வேடிவ் தலைமையின் முடிவு. அதை மீறித் தடைக்கு எதிராக வாக்களித்தவர்கள் 50 பேர். தடையை ஆதரித்தவர்கள் 31 பேர். ஒரே கட்சி ஒரே இரவில் மூன்றாக உடைந்தது.

● மண்டே கிளப்புக்கும் முன்னோடி ஒன்று உண்டு. 1954-ல் ஏ.கே. செஸ்டர்டன் தொடங்கிய ‘பேரரசு விசுவாசிகள் சங்கம்’ அது. துப்பறியும் பாதிரியார் பிரவுனைப் படைத்த ஜி.கே. செஸ்டர்டனின் உறவினர் இவர். முன்பு ஆஸ்வால்ட் மோஸ்லியின் பாசிசக் கட்சியில் இருந்தவர். கன்சர்வேடிவ் கூட்டங்களுக்குள் நுழைந்து கூச்சல் போட்டுக் கலைப்பது இந்தச் சங்கத்தின் வாடிக்கை. 1958 பிளாக்பூல் மாநாட்டில் கட்சித் தொண்டர்கள் இவர்களை அடித்து வெளியேற்றினார்கள். 1967-ல் வேறு சில குழுக்களோடு சேர்ந்து இந்தச் சங்கம் ‘நேஷனல் ஃபிரண்ட்’ ஆனது. பிரிட்டனின் வெளிப்படையான நிறவெறிக் கட்சி அது.

● மண்டே கிளப்பின் உச்சகாலம் 1970-களின் தொடக்கம். சுமார் 30 எம்.பி.க்கள் அதில் உறுப்பினர்கள். பல்கலைக்கழகங்களில் கிளைகள் இருந்தன. காலனிகள் கைநழுவிப் போய்விட்டன. கோபம் இப்போது அந்தக் காலனிகளிலிருந்து வந்து குடியேறிய மக்கள்மீது திரும்பியது. 1972 ஆகஸ்டில் உகாண்டாவின் இடி அமீன் அங்கிருந்த ஆசியர்களை 90 நாளில் வெளியேறச் சொன்னார். வீடு, கடை, சேமிப்பு எல்லாம் போய், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் ஒன்றே மிஞ்சிய குடும்பங்கள் அவை. அடுத்த மாதமே லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் மண்டே கிளப் பெருங்கூட்டம் கூட்டியது. குடியேற்றத்தை அடியோடு நிறுத்து, இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் இன உறவுச் சட்டத்தை ரத்து செய், வந்தவர்களைத் திருப்பி அனுப்பு என்று கோரியது. பிரதமர் எட்வர்ட் ஹீத் இணங்கவில்லை. ஏறத்தாழ 28,000 பேரை அவருடைய அரசு ஏற்றுக்கொண்டது. ஹீத்தின் ஆட்சியில் குறைகள் ஏராளம். இந்த ஒரு முடிவுக்காக அவரை எப்போதும் மதிக்கலாம்.

● ஆனால் ஓரத்தில் எழுந்த குரல் சட்டப் புத்தகத்தை எட்டவே இல்லை என்று சொல்ல முடியாது. ஹீத் அரசே கொண்டுவந்த 1971 குடியேற்றச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, நாடு திரும்ப விரும்பும் குடியேறிகளுக்கு அரசு பயணச் செலவு தரலாம் என்றது. யாரையும் கட்டாயப்படுத்தாத ஏற்பாடுதான். ஆனாலும் ‘இவர்கள் போய்விட்டால் நல்லது’ என்ற எண்ணத்துக்கு அது அரசு முத்திரை தந்தது.

● 1972 டிசம்பரில் அக்ஸ்பிரிட்ஜ் இடைத்தேர்தல். மண்டே கிளப்பின் மேற்கு மிடில்செக்ஸ் கிளை சொந்தக் கட்சி வேட்பாளரை விட்டுவிட்டு நேஷனல் ஃபிரண்ட் வேட்பாளரை வெளிப்படையாக ஆதரித்தது. கிளை கலைக்கப்பட்டது. மறு ஆண்டு கிளப்பின் தலைவர் பதவிக்கு ஜொனாதன் கின்னஸும், எம்.ஐ.6 உளவுத்துறையில் துணைத் தலைவராக இருந்த ஜார்ஜ் கென்னடி யங்கும் மோதினார்கள். கின்னஸ் வென்றார். மோஸ்லியை மணந்த டயானா மிட்ஃபோர்டின் மகன் இவர்.

● 2009 முதல் 2019 வரை மக்களவை சபாநாயகராக இருந்த ஜான் பெர்கோ இளமையில் மண்டே கிளப் உறுப்பினர். உறுப்பினர் மட்டுமல்ல, அதன் ‘குடியேற்றம், திருப்பி அனுப்புதல்’ குழுவின் செயலாளர். ருமேனியாவிலிருந்து வந்த யூதக் குடும்பத்தின் பேரப்பிள்ளை அவர்! 1984-ல் விலகினார், பின்னாளில் பகிரங்கமாக வருந்தினார், 2021-ல் தொழிற்கட்சியில் சேர்ந்தார். மனிதர்கள் மாறுவார்கள் என்பதற்கு நான் நம்பிச் சொல்லும் உதாரணம் இவர்.

● பெர்கோ கடைசித் தலைவராக இருந்த கன்சர்வேடிவ் மாணவர் கூட்டமைப்பைக் கட்சியே 1986-ல் இழுத்து மூடியது. தொண்ணூறு வயதைத் தாண்டியிருந்த மேக்மில்லனைப் போர்க்குற்றவாளி என்று அதன் பத்திரிகை எழுதியதுதான் கடைசி அடி. மூடியவர் அப்போது கட்சி அமைப்பின் தலைவராக இருந்த நார்மன் டெபிட். அன்று கட்சியின் கடும் வலதுசாரி முகமாக இருந்தவரும் அவரே.

● தென்னாப்பிரிக்க விடுதலைப் போராளி கிறிஸ் ஹானி 1993 ஏப்ரல் 10 அன்று வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைக்குத் துப்பாக்கி ஏற்பாடு செய்ததாகத் தண்டிக்கப்பட்ட கிளைவ் டெர்பி-லூயிஸ், லண்டனில் டோரி வலது ஓரத்தையொட்டி இயங்கிய ‘வெஸ்டர்ன் கோல்ஸ்’ என்ற சிறு அமைப்பின் கௌரவப் பொறுப்பிலும் இருந்தவர்.

● மண்டே கிளப்புடனான தொடர்பைக் கட்சி நிறுத்தி வைத்தது 2001 அக்டோபரில்தான். மூன்று எம்.பி.க்கள் அதிலிருந்து விலகப் பணிக்கப்பட்டார்கள். 1972-லேயே எடுத்திருக்க வேண்டிய முடிவு இது.

● அதே 2001-ல் ‘டிரெடிஷனல் பிரிட்டன் குரூப்’ முளைத்தது. 2013 மே மாதம் அதன் ஆண்டு விருந்தில் கன்சர்வேடிவ் எம்.பி. ஜேக்கப் ரீஸ்-மாக் சிறப்பு விருந்தினர். ஆகஸ்டில் செய்தி வெடித்ததும், போனது தவறு என்று மன்னிப்புக் கேட்டார். செய்தி வெடிக்கக் காரணம், டோரீன் லாரன்ஸ் குறித்து அந்தக் குழு எழுதியது. 1993-ல் லண்டன் பேருந்து நிறுத்தத்தில் வெள்ளை இனவெறியர்கள் குத்திக் கொன்ற ஸ்டீஃபன் லாரன்ஸின் தாய் அவர். நீதிக்காகப் பல ஆண்டுகள் போராடியவர். ஜமைக்காவில் பிறந்து சிறுமியாக இங்கிலாந்து வந்த அவரைப் பூர்விக நாட்டுக்கே திரும்பச் சொல்ல வேண்டும் என்றது குழு. அந்த ஆண்டு செப்டம்பரில் டோரீன் லாரன்ஸ் பிரபுக்கள் சபையின் உறுப்பினர் ஆனார்.