கங்காதேவி கண்ட திருவரங்கம்

விஜயநகர மன்னர் முதலாம் புக்கராயரின் குமாரர் கம்பண உடையார். தொண்டைமண்டலத்துச் சம்புவராயரை அடக்கி, பின்னர் மதுரைச் சுல்தானின் ஆட்சியையும் முடிவுறுத்தியவர். அவருடைய தேவியாகிய கங்காதேவி, கணவரின் வெற்றியை ‘மதுராவிஜயம்’ என்னும் வடமொழிக் காவியமாக இயற்றினார். நெடுங்காலம் மறைந்திருந்த அந்நூலின் ஏட்டுச்சுவடி 1916-இல் திருவனந்தபுரத்தில் கிடைத்தது, 1924-இல் அச்சேறியது. சிதைந்த அச்சுவடியில் திருவரங்கத்தைப் பற்றிய சுலோகம் ஒன்று அழியாமல் நின்றது நம் பேறேயாம்.

1323-இல் தில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது, பிள்ளை லோகாசார்யர் முதலானோர் நம்பெருமாளைத் தென்திசை எழுந்தருளப் பண்ணினர். சுதைத் திருமேனியராகிய பெரியபெருமாளோ, கல்திரைக்குப் பின்னே மறைவாக எழுந்தருளியிருந்தார். இந்நிலையையே காவியத்தில் ஒரு பெண் கம்பணரிடம் எடுத்துரைக்கிறாள். யோகநித்திரையில் கண்வளரும் அரங்கனின்மேல் இடிபாட்டுச் செங்கற்கள் வீழ்கின்றன. பெருமானின் துயில் கலையுமே என அஞ்சிய ஆதிசேஷன், தன் படங்களால் அவற்றை மீண்டும் மீண்டும் தடுக்கிறான். இதுவே சுலோகத்தின் கருத்து.

ஈண்டு ஓர் ஐயம் எழும். பிரளயத்திலும் உலகனைத்தையும் காப்பவனுக்குச் செங்கல்லால் நேரும் தீங்கு யாது? ஆதிசேஷன் அஞ்சுவானேன்? இதற்கு விடை ஸ்ரீவசனபூஷணத்தில் உண்டு. ஞானநிலையில் இறைவனே காப்பவன், ஆன்மா காக்கப்படும் பொருள். பிரேமநிலையிலோ இம்முறை மாறிவிடும். அவனுடைய ஸௌகுமார்யத்தையே நோக்கும் அன்பர், அவனுக்கு என் வருமோ எனக் கலங்குவர். கருடவாகனனாய்க் காட்சி தந்தவனைக் கண்டு பெரியாழ்வார் பல்லாண்டு பாடியதும் இப்பரிவினாலேயே. ஆகவே சேஷனின் அச்சம் அறியாமையன்று, கைங்கரியத்தின் முதிர்ச்சியே. கங்காதேவியும் அச்சத்தைக் குறிக்கும் சொல்லையே அவனுக்கு அடைமொழியாக்கியிருத்தல் காண்க.

அந்நூலை அருளிய பிள்ளை லோகாசார்யர், தாம் உரைத்ததைத் தாமே அனுஷ்டித்தும் காட்டினார். தள்ளாத வயதில் நம்பெருமாளைக் காத்து உடன்சென்று, ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

கங்காதேவி காவியத் தொடக்கத்தில் வணங்கும் குரு, சைவ ஆசாரியராகிய கிரியாசக்தி. எனவே அவரை நம் தரிசனத்தவர் எனக் கொள்ள இடமில்லை. எனினும் சிதைந்த கோயிலைக் கண்ட அவருடைய கவியுள்ளம், நம் பூர்வாசாரியர்கள் விரித்துரைத்த பரிவையே சென்று தொட்டது.

சக ஆண்டு 1293-இல், அதாவது 1371-இல், கம்பணரின் அதிகாரியான கோபணார்யர், திருமலையிலிருந்து செஞ்சிக்கு எழுந்தருளச் செய்திருந்த நம்பெருமாளை மீண்டும் திருவரங்கத்தில் பிரதிஷ்டை செய்வித்தார். அதனைப் போற்றும் சுலோகம் திருவரங்கக் கோயிலில் கல்வெட்டாக உள்ளது. அதனை அருளியவர் வேதாந்த தேசிகர் என்பது ஸம்பிரதாயம். காவியத்தில் சேஷன் கொண்ட அச்சம் தீர்ந்தமைக்கு அக்கல்வெட்டே சான்று.