கரன்ட் கனெக்‌ஷனே இல்லாமல் ஓடிய சிப்... உங்கள் செல்போனின் பூர்விகக் கதை!

நீங்கள் இதை வாசித்துக்கொண்டிருக்கும் செல்போன் ஆண்ட்ராய்டோ, ஐபோனோ... அதற்குள் இருப்பது அநேகமாக 'ஆர்ம்' வகை சிப்பாகத்தான் இருக்கும். ஆனால், அது செல்போனுக்காகப் பிறந்ததல்ல. இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில், 'கூடுதல் மூளை'யாகச் சேர்ந்துகொண்டதுதான் அதன் முதல் வேலை!

ஒரு கம்ப்யூட்டர்... ரெண்டு மூளை!

பர்சனல் கம்ப்யூட்டர்கள் வந்த புதிதில் விலையும் அதிகம், வேகமும் குறைவு. காசு கொட்டி வாங்கியதைத் தூக்கிப் போட முடியுமா? அதனால், இருக்கிற கம்ப்யூட்டரிலேயே இன்னொரு பிராசஸரைச் சேர்க்கும் யோசனை வந்தது. 1980-ல் 'ஆப்பிள் 2' கம்ப்யூட்டருக்காக மைக்ரோசாஃப்ட் ஒரு கார்டு விற்றது. பெயர், 'சாஃப்ட்கார்டு'. உள்ளே செருகினால் போதும், அதுவரை ஆப்பிளில் ஓடாத 'வேர்ட்ஸ்டார்' போன்ற புரோகிராம்கள் ஓடும். மைக்ரோசாஃப்ட்டின் முதல் ஹார்டுவேர் தயாரிப்பே இதுதான்!

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் கம்பெனி, 1981 டிசம்பரில் 'பிபிசி மைக்ரோ' கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. அதன் 'பி' மாடலின் மெமரி 32 கே.பி. இன்று வாட்ஸ்அப்பில் வரும் குட்மார்னிங் படம்கூட பெரும்பாலும் இதைவிடப் பெரியது! ஆனால், அதன் அடிப்பகுதியில் 'டியூப்' என்று ஓர் இணைப்பு வைத்திருந்தார்கள். அதில் இரண்டாவது பிராசஸரை மாட்டலாம்.

மாட்டினால் என்ன ஆகும்? ஒரே ஆளே ஆர்டர் எடுத்து, சமைத்து, பரிமாறி, பில்லும் போடும் மெஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே தனியாக ஒரு மாஸ்டர் வந்துவிட்டால்? அப்படித்தான். கீபோர்டு, ஸ்கிரீன், டிஸ்க் எல்லாவற்றையும் பழைய பிராசஸர் பார்த்துக்கொள்ளும். புதியது கணக்கு வேலையை மட்டும் கவனிக்கும்.

நாமே செய்தால் என்ன?

அடுத்த கம்ப்யூட்டருக்கு வேகமான பிராசஸர் தேவைப்பட்டது. சந்தையில் இருந்தவை ஏகார்ன் இன்ஜினீயர்களைத் திருப்திப்படுத்தவில்லை. 'சிப் வடிவமைப்பு பெரிய கம்பெனிகளின் வேலை' என்ற தயக்கமும் இருந்தது. 1983-ல் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகருக்கு அருகே ஒரு சிப் நிறுவனத்துக்குப் போனார்கள். அங்கே ஒரு சிறிய குழுதான் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. 'இவர்களால் முடியுமென்றால் நம்மால் முடியாதா?' என்ற நம்பிக்கையோடு ஊர் திரும்பினார்கள்.

சிப்புக்கான கட்டளைகளை வில்சன் வடிவமைத்தார். உள்கட்டமைப்பை ஃபர்பர் கவனித்தார். 1985 ஏப்ரல் 26 அன்று, முதல் ஆர்ம் சிப் கைக்கு வந்தது. சுமார் 25,000 டிரான்சிஸ்டர்கள். பிபிசி மைக்ரோவோடு இரண்டாவது பிராசஸராக இணைத்தார்கள். முதல் முயற்சியிலேயே ஓடியது!

மீட்டர் காட்டிய பூஜ்யம்

சிப் எவ்வளவு கரன்ட் இழுக்கிறது என்று ஃபர்பர் அளந்து பார்த்தார். மீட்டரில் பூஜ்யம்! தேடிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. போர்டில் அந்த சிப்புக்கான மின் இணைப்பே இல்லை. பக்கத்துப் பாகங்களிலிருந்து சிக்னல் வழியாகக் கசிந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது!

இதற்குக் காரணம் சிக்கனம். சிப் சூடானால், விலை அதிகமான பீங்கான் உறை போட வேண்டும். மலிவான பிளாஸ்டிக் உறையே போதும் என்றால், மின்செலவு 1 வாட்டுக்குள் அடங்க வேண்டும். எங்கே தாண்டிவிடுமோ என்று பயந்து பயந்து வடிவமைத்ததில், அதன் செலவு அதில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

ஆனால், அந்த வெற்றி ஏகார்னைக் காப்பாற்றவில்லை. பண நெருக்கடியில் தவித்த கம்பெனி, அதே ஆண்டில் இத்தாலியின் ஒலிவெட்டி நிறுவனத்தின் கைக்குப் போனது. இன்று ஏகார்ன் இல்லை. சிப் மட்டும் பிழைத்துக்கொண்டது. 1990-ல் ஆப்பிளும் கைகோக்க, ஆர்ம் தனி நிறுவனமானது. பேட்டரியில் ஓடும் செல்போன்கள் வந்தபோது, குறைந்த மின்சாரத்தில் ஓடும் அந்த சிப்புக்கு நல்ல காலம் பிறந்தது. இதுவரை தயாரான ஆர்ம் வகை சிப்கள், 25,000 கோடிக்கும் மேல்!

கூடுதல் மூளை யோசனையும் பழசாகிவிடவில்லை. கேம் விளையாடும்போது கிராபிக்ஸுக்கு ஒரு பகுதி, போட்டோவை அழகாக்க ஒரு பகுதி என உங்கள் செல்போன் சிப்புக்குள்ளேயே பல துணைப் பிராசஸர்கள் வேலை பார்க்கின்றன. அன்று தனிப் பெட்டியில் இருந்த அந்த 'மாஸ்டர்', இன்று உங்கள் சட்டைப்பையில்!