பயணம் முடிந்தபின் தொடங்கும் பள்ளி ஆண்டு

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் பெற்றோரே பொறுப்பேற்று வீட்டில் கற்பிக்கும் ஹோம்ஸ்கூலிங், அதாவது வீட்டுக்கல்வி முறையைப் பின்பற்றும் குடும்பங்களுள் சில, மற்றப் பிள்ளைகள் வகுப்பறைக்குத் திரும்பி, சுற்றுலா இடங்களில் கூட்டம் வடிந்த நேரம் பார்த்து, வாரக்கணக்கில் நீளும் பயணத்தை மேற்கொள்கின்றன. வீடு திரும்பியதும் பள்ளி ஆண்டு தானாகத் தொடங்கிவிடுவதில்லை. மணி அடிக்க ஆளில்லாத இடத்தில் தொடக்கத்தையும் பெற்றோரே உண்டாக்க வேண்டியிருக்கிறது. பெட்டிகளைப் பிரித்து அழுக்குத் துணியைத் துவைப்பவரும் பாடம் நடத்துபவரும் பெரும்பாலும் ஒருவரே, அதிலும் தாயே, என்பதால் இந்தத் தொடக்கம் வெளியிலிருந்து பார்ப்போர் எண்ணுவதைவிடக் கடினமானது.

இம்முறைக்குச் சட்டத்தின் ஏற்பு கிடைத்தது அண்மைக் காலத்தில்தான். பள்ளிகளில் நிலவும் அச்சமே பிள்ளைகளின் கற்கும் ஆர்வத்தைக் கெடுக்கிறது என்று 1960களில் எழுதிவந்த ஆசிரியர் ஜான் ஹோல்ட், பள்ளிகளைத் திருத்த முடியும் என்னும் நம்பிக்கையை இழந்து, 1977இல் வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்காக 'குரோயிங் வித்தவுட் ஸ்கூலிங்' என்னும் இதழைத் தொடங்கினார். 1993 அளவில் 50 மாநிலங்களும் வீட்டுக்கல்வியை ஏற்றுக்கொண்டன. ஆனால் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி விதி வகுத்திருப்பதால், பயணத்திலிருந்து திரும்பும் குடும்பத்தின் முன்னுள்ள வேலை அது வாழும் மாநிலத்தைப் பொறுத்தே அமைகிறது. டெக்சாஸில் வீட்டுப் பள்ளியும் ஒரு தனியார் பள்ளியே என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1994இல் உறுதிப்படுத்தியதால், யாரிடமும் பதிவு செய்ய வேண்டியதில்லை. நியூயார்க்கிலோ ஜூலை 1ஆம் தேதிக்குள் கல்வி அலுவலகத்துக்கு அறிவிப்புக் கடிதமும், அதன் பின்னர் பிள்ளைக்கு உரிய ஆண்டுப் பாடத்திட்டமும், ஆண்டுக்கு நான்கு அறிக்கைகளும் கொடுத்தாக வேண்டும். தொடக்க வகுப்புகளுக்கு 900 மணி நேரம், 7ஆம் வகுப்பு முதல் 990 மணி நேரம் என்று கற்பித்தல் அளவும் விதிக்கப்பட்டிருக்கிறது.

பயணத்தில் கழிந்த நாள்களைப் படிப்பாகக் கணக்கில் எழுதலாமா என்னும் கேள்வி இங்கேதான் எழுகிறது. மிசௌரி மாநிலச் சட்டம் இதற்குத் தெளிவான விடை வைத்திருக்கிறது. ஆண்டுக்கு 1,000 மணி நேரம் கற்பிக்க வேண்டும். அதில் 600 மணி நேரமாவது வாசிப்பு, மொழி, கணிதம், சமூக அறிவியல், அறிவியல் ஆகிய முதன்மைப் பாடங்களுக்கு உரியதாக இருக்க வேண்டும். அந்த 600இலும் 400 மணி நேரமாவது வழக்கமாகக் கற்பிக்கும் இடத்திலேயே நடக்க வேண்டும். அருங்காட்சியகத்திலும் மலையடிவாரத்திலும் கற்றது கற்றதே என்று ஏற்கும் அதே சட்டம், வீட்டு மேசையில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலைக்கும் ஓர் அளவைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. வீட்டுக்கல்விப் பெற்றோர் பலர் சட்டத்தின் கெடுபிடியைக் குறை கூறுவதுண்டு என்றாலும், இந்தப் பங்கீட்டில் நியாயம் இருக்கிறது. எல்லாமே கல்விதான் என்னும் வாதம் கேட்க இனிது. ஆனால் பின்னங்களைக் கூட்டும் முறையைக் கார் சன்னலுக்கு வெளியே பார்த்துக் கற்றுக்கொண்ட பிள்ளை எங்கும் இல்லை.

பாடத்துக்கு முன் சரிசெய்ய வேண்டியது தூக்கம். 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரம் தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குத் திரும்பும் குடும்பத்தின் கடிகாரம் மூன்று மணி நேரம் முன்னே ஓடிவிடுகிறது. உடலின் உள்கடிகாரமோ ஏறக்குறைய நாளுக்கு ஒரு மணி நேரமே நகரக்கூடியது, அதிலும் கிழக்கு நோக்கி வருவோர்க்குச் சீக்கிரம் உறங்குவது கடினம். ஆகவே முதல் சில நாள்களில் காலை வெயிலில் பிள்ளைகளை வெளியே நடமாட விட்டு, எழும் நேரத்தை மட்டும் ஒழுங்குபடுத்தினாலே போதும்.

மறதியைப் பற்றிய கவலை அடுத்தது. ஹாரிஸ் கூப்பரும் அவருடைய குழுவினரும் 39 ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் வெளியிட்ட கட்டுரையின்படி, பள்ளி மாணவர்கள் கோடை விடுமுறைக்குப்பின் சராசரியாக ஒரு மாதப் படிப்பை இழந்திருந்தனர். வாசிப்பைவிடக் கணிதத்தில் இழப்பு மிகுதி, கணக்குப் போடும் பயிற்சியிலும் எழுத்துக்கூட்டலிலும் மிக மிகுதி. காரணம் எளிது: பயணத்திலும் பிள்ளை கதைப் புத்தகம் படிக்கும், நெடும் வகுத்தல் போடாது. ஆனால் மறந்தது முற்றாக அழிந்ததாகாது. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து பார்த்து, நினைவுக்கு வராதவற்றையும் மறுமுறை கற்கக் குறைந்த நேரமே ஆகிறது என்பதை 1885இல் காட்டினார். கணிதப் பாடநூல்கள் பலவற்றின் முதற்பகுதி சென்ற ஆண்டின் மீள்பார்வையாக இருப்பதும் இதனால்தான். எல்லாப் பாடங்களையும் ஒரே திங்கட்கிழமையில் திறந்து, புதன்கிழமைக்குள் எல்லாரும் அழுது ஓய்வதைவிட, முதல் வாரம் கணிதமும் வாசிப்பும் மட்டும், பின்னர் வாரத்துக்கு ஒன்றிரண்டாக மற்றவை என்று சேர்த்துக்கொண்டு போவது பயன் தரும்.

பயணம் விட்டுச்சென்ற பொருள்களைப் பாடமாக்குவதற்கும் இதுவே தக்க பொழுது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் ஜூனியர் ரேஞ்சர் என்னும் திட்டம் உண்டு. பூங்காவில் தரும் பயிற்சி ஏட்டைப் பிள்ளை நிரப்பிக் கொடுத்தால், பூங்கா அலுவலர் சரிபார்த்து, உறுதிமொழி சொல்லச் செய்து, ஒரு வில்லையை அணிவிப்பார். வில்லை பெட்டிக்குள் போனதும் கற்றதும் கூடவே போய்விடாதிருக்க, வீட்டில் தொடர்ச்சி வேண்டும். அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கைப் பார்த்துத் திரும்பிய குடும்பம், ஒரு நீளத் தாள் சுருளையும் அளவுகோலையும் எடுத்துக்கொண்டு, ஒரு கோடி ஆண்டுக்கு ஒரு செ.மீ. என்று கணக்கு வைத்து, தாளின் ஒரு முனையை இன்றைய நாளாகக் கொள்ளலாம். பள்ளத்தாக்கின் விளிம்பிலுள்ள கைபாப் சுண்ணாம்புக்கல் 27 செ.மீ. தொலைவில் வரும், அடியில் ஆற்றையொட்டிய, திருமாலின் பெயர் தாங்கிய விஷ்ணு படிகப்பாறை ஏறக்குறைய 175 செ.மீ. தொலைவில் வரும். டைனோசார்கள் அழிந்தது 6.6 செ.மீ. அளவில், அவை தோன்றியதும் 27 செ.மீ. கோட்டுக்கு இப்புறம்தான் என்பதால், அந்தப் பள்ளத்தாக்குச் சுவரில் டைனோசார் எலும்பு ஏன் கிடைப்பதில்லை என்பது பிள்ளைக்குத் தானாகவே விளங்கும். இடையில் வேறொரு வியப்பும் இருக்கிறது: சில இடங்களில் தாளில் சுமார் 52 செ.மீ. தொலைவில் வரும் மணற்பாறை நேரே அந்த விஷ்ணு பாறையின் மேல் அமர்ந்திருப்பதால், நடுவே 120 கோடி ஆண்டுக்குமேல் பாறைச் சான்றே இல்லை. அந்த நீண்ட வெற்றுத் தாளை நிறம் தீட்டாமல் அப்படியே விட்டுவைக்க வேண்டும். மனித இனத்தின் 3 லட்சம் ஆண்டுகள் 0.3 மி.மீ. மட்டுமே, அதைக் குறிக்கப் பென்சில் முனையே தடித்தது. தசமப் பின்னம், அளவை, நிலவியல் மூன்றும் ஒரு காலைப்பொழுதில் முடிகிற இந்த வேலையை எந்த மாநிலமானாலும் மணிக்கணக்கில் தயங்காமல் எழுதலாம்.

இந்தியாவில் நிலைமை வேறு. 6 முதல் 14 வயது வரையுள்ளோர்க்கு இலவசக் கட்டாயக் கல்வி வழங்கும் 2009ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக்கல்வியை வெளிப்படையாக எங்கும் குறிப்பிடவில்லை. எனவே இங்கு வீட்டில் படிப்போர் பலரும் சான்றிதழுக்கு நாடுவது, தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தை. 14 வயது நிறைந்தவர்கள் அதில் 10ஆம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். பொதுத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல்-மே மாதங்களிலும் அக்டோபர்-நவம்பர் மாதங்களிலும் நடக்கிறது. ஆகவே மணிக்கணக்குப் பதிவேடு கேட்பார் இல்லாத இந்தியக் குடும்பமும், பிள்ளை அந்த வயதை எட்டியபின், நீண்ட பயணத்துக்கு நாள் குறிக்கும் முன் தேர்வு அட்டவணையைப் பார்த்தாக வேண்டும். அக்டோபரில் தேர்வு எழுதுவோர்க்குச் செப்டம்பர்ப் பயணம் ஒத்துவராது.