செவ்வந்தி விளக்கும் பவள விளக்கும்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கைக் கடந்து கியா பார்ம் பக்கம் இரவில் செல்வோர், மலைச்சரிவில் வரிசை வரிசையாக விளக்குகள் எரியக் காண்பர். ஊர் அடங்கிய பின்னும் எரியும் அவ்விளக்குகள் மக்களுக்கு ஏற்றியவை அல்ல. செவ்வந்திச் செடிகளுக்கு ஏற்றியவை.

இரவு நீண்டால்தான் செவ்வந்தி மொட்டு விடும். நிலநடுக்கோட்டை அடுத்த இம்மலையிலோ ஆண்டு முழுவதும் இரவு ஏறத்தாழ 12 மணி நேரம். அப்படியே விட்டால் தண்டு நீளுமுன் மொட்டு தோன்றிவிடும். கொய்து விற்க உதவாது. ஆகவே இரவின் நடுவே சில மணி நேரம் ஒளி காட்டி, நீண்ட இரவைத் துண்டாக்குகின்றனர். தண்டு வேண்டிய உயரம் வளர்ந்ததும் விளக்கை நிறுத்திப் பூக்க விடுகின்றனர்.

இதற்கு எந்த ஒளி ஏற்றது? இலையிலுள்ள பைட்டோகுரோம் என்னும் நிறமி, 660 நானோமீட்டரை ஒட்டிய செவ்வொளிக்கே மிகுதியாக இசைகிறது. 1952-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் முதலியோர் சாலட் கீரை விதைகளைக் கொண்டு இவ்வுண்மையின் வாயிலைத் திறந்தனர். செம்மை மிகுந்த 2,700 கெல்வின் விளக்கு செவ்வந்திக்கு ஏற்றதாவது இதனாலேயே.

விளக்குப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் இந்தக் கெல்வின் எண்ணே 'நிற வெப்பநிலை' எனப்படுவது. கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவக்கிறது. சூடு ஏற ஏற மஞ்சளாகிப் பின் வெண்மை கொள்கிறது. அதனினும் மிகச் சூடான விண்மீன்கள் நீலமாய் ஒளிர்கின்றன. 'குளிர்ந்த ஒளி' என்று நாம் கூறும் நீலத்திற்கே வெப்ப எண் மிகுதி என்பது வேடிக்கைதான். ஆயினும் இவ்வெண் ஒளி கண்ணுக்குத் தோன்றும் வகையையே கூறும்; அதனுள் எந்த அலை எவ்வளவு என்று கூறாது. ஒரே எண்ணுடைய இரு விளக்குகளில் செவ்வொளி ஏறத்தாழ இருக்கலாம்.

கண்ணாடித் தொட்டியில் பவளப்பாறை உயிர்களை வளர்ப்போர் நாடுவது இதற்கு நேர்மாறான விளக்கு. அவர்கள் 10,000 முதல் 20,000 கெல்வின் வரை நீலம் பாய்ந்த ஒளியைத் தேர்கின்றனர். கடல்நீர் செவ்வொளியை மேற்பரப்பிலேயே பெரிதும் உறிஞ்சிவிடுகிறது. ஆழத்திற்கு இறங்குவது நீலமே. பவள உயிரின் உடலுக்குள் குடியிருந்து அதற்கு உணவு ஆக்கித் தரும் நுண்பாசிகள் அந்நீலத்தை உண்டே பழகியவை.

தமிழில் பவளம் என்றதும், பழம்பெயராகிய துகிர் என்றதும், செந்நிறமே நினைவில் எழும். ஆனால் மாலையாகக் கோக்கும் நடுநிலக்கடற் செம்பவளம் இப்பாறைப் பவளத்தின் இனமன்று. ஒளி மங்கிய கடற்குகைகளிலும் அது வளரும். பாசியைத் தன்னுள் வைப்பதில்லை. நீரில் மிதந்து வரும் இரையைப் பற்றியே உயிர்வாழும். அதற்கு எந்த நிற விளக்கும் வேண்டுவதில்லை.