முரட்டு லேப்டாப்பும் மூன்று ரப்பர் மூடியும்

தை மாதம் சம்பா அறுவடை நடக்கும்போது பேராவூரணிப் பக்கம் வயலோரம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், சுணை என்றால் என்னவென்று. அறுவடை மிஷின் ஒரு சுற்று வந்தால் போதும், காற்று முழுக்க அதுதான். கழுத்தில் ஒட்டும், முழங்கையில் அரிக்கும், குளித்தாலும் ராத்திரி வரை விடாது.

அப்படி ஒரு நாளில் பாதி வயலில் நின்றுபோன மிஷினைப் பார்க்க மெக்கானிக் ஒருவர் வந்தார். பைக்கின் பின்னால் கட்டியிருந்த பையிலிருந்து செங்கல் கனத்தில் ஒரு லேப்டாப்பை எடுத்தார். கைப்பிடி வைத்தது. நான்கு மூலையிலும் கறுப்பு ரப்பர். வரப்பின் மேல் சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் வைத்தார். பக்கவாட்டில் இருந்த ரப்பர் மூடியை நகத்தால் நெம்பித் திறந்து வயரைச் செருகினார். இன்ஜினின் கோளாறு என்னவென்று திரையில் எண்ணாக வந்து நின்றது.

"கீழ போட்டாலும் ஒண்ணும் ஆவாதுண்ணே. மிலிட்டரி சாமான் இது" என்றார்.

வேலை முடிந்ததும் வயரை உருவினார். மூடியை மூடவில்லை. அப்படியே பையில் திணித்துக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

சித்திரையில் அதே லேப்டாப்பைப் பழுது பார்க்கும் கடை ஒன்றின் மேசையில் கண்டேன். கடைக்காரத் தம்பி விளக்கைக் கிட்டத்தில் இழுத்து வைத்து, வயர் செருகும் துளைக்குள் இடுக்கியை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் தாளில் வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு உமி. ஒரு பதர். மெல்லிய சுணை கொஞ்சம். தென்னை நார்த்தூள். கடைசியாக, செத்த எறும்புகள் நாலைந்து.

"இது லேப்டாப்பாண்ணே, பத்தாயமா?" என்று கேட்டார் என்னைப் பார்த்து.

கெட்டியின் கதை

இப்படிப்பட்ட கணினிகளை ஆங்கிலத்தில் 'ரக்டு லேப்டாப்' என்பார்கள். நம் வாய்க்கு முரட்டு லேப்டாப். முரட்டுத்தனத்தின் முன்னோடிகளில் ஒன்று 1982-இல் வெளிவந்த 'கிரிட் காம்பஸ்'. அதன் கூடு மெக்னீசியக் கலவையால் ஆனது. எடை குறைவு, உறுதி அதிகம். 1985-இல் டிஸ்கவரி விண்கலத்தில் அது விண்வெளிக்கும் போய்வந்தது. 1996-இல் பானாசோனிக் நிறுவனத்தின் 'டஃப்புக்' வந்தது. போலீஸ், ராணுவம், மின்கம்பம் ஏறுபவர்கள், எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்கள், வண்டி மெக்கானிக்குகள் என்று மேசையில்லாத வேலைக்காரர்களின் கணினி அது. இன்று டெல், கெட்டாக் போன்ற நிறுவனங்களும் இந்த வகையைச் செய்கின்றன. புதிதாக வாங்கினால் விலை கடுமை. அதனால் நம் பக்கத்து மெக்கானிக்குகளில் பலர் பழையதைத்தான் தேடி வாங்குகிறார்கள்.

மெக்கானிக் சொன்ன 'மிலிட்டரி' என்ற சொல்லுக்கு அடிப்படை உண்டு. 'மில்-ஸ்டாண்டர்டு 810' என்பது 1962-இல் அமெரிக்க ராணுவத்துக்காக எழுதப்பட்ட சோதனை முறைகளின் தொகுப்பு. வெயில், குளிர், அதிர்வு, தூசி, உப்புக் காற்று, விழுதல் எல்லாவற்றுக்கும் அதில் தனித்தனி முறை உண்டு. விழும் சோதனை சுவாரசியமானது. ஒரு பெட்டிக்கு ஆறு முகம், பன்னிரண்டு விளிம்பு, எட்டு மூலை. மொத்தம் 26. ஒவ்வொன்றும் கீழே படும்படி, சுமார் நான்கடி உயரத்திலிருந்து, கான்கிரீட்டின் மேல் போட்ட ஒட்டுப்பலகையில் 26 தடவை போட்டுப் பார்ப்பார்கள்.

கேட்கவே பிரமிப்பாக இருக்கும். ஆனால் அந்த 26 விழுதல்களை ஐந்து இயந்திரங்கள் வரை பங்கிட்டுக்கொள்ள விதியில் இடம் உண்டு. உங்கள் கையில் இருக்கும் ஒன்றே 26 தடவையும் தாங்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இந்த முறைப்படி சோதித்துச் சான்று தர அமெரிக்க ராணுவத்தில் தனி அலுவலகமும் இல்லை. நிறுவனம் தானே சோதிக்கும், அல்லது வேறொரு ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்கும். எந்தச் சோதனை, எத்தனை இயந்திரம், ஓடும்போதா அணைத்து வைத்தா என்பதெல்லாம் விவரக் குறிப்பின் பொடி எழுத்தில் இருக்கும். வாங்கும் முன் படிக்க வேண்டியது அதைத்தான்.

இரண்டு எண், ஒரு நிபந்தனை

இன்னொரு அடையாளம் 'ஐபி' எண். ஐபி 53, ஐபி 65, ஐபி 66 என்று வரும். முதல் இலக்கம் தூசிக்கு. 6 என்றால் தூசி உள்ளே நுழையவே கூடாது. 5 என்றால் கொஞ்சம் நுழையலாம், வேலை கெடக்கூடாது. இரண்டாவது இலக்கம் தண்ணீருக்கு. 3 என்றால் சாரல். 5 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சும் தண்ணீர், நிமிடத்துக்குப் பன்னிரண்டரை லிட்டர் வீதம். நீருக்குள் மூழ்கினாலும் தாங்க வேண்டுமென்றால் அந்த இலக்கம் 7 அல்லது 8 ஆக இருக்க வேண்டும். ஆக, ஐபி 65 வாங்கிவிட்டோம் என்று வாய்க்காலில் விழுந்ததைச் சாவகாசமாக எடுக்க முடியாது.

தூசிச் சோதனைக்கு ஆய்வகத்தில் பயன்படுத்துவது டால்கம் பவுடர். தண்ணீர்ச் சோதனைக்கு நல்ல தண்ணீர். நம் ஊர்த் தூசியோ சுணையும் நாரும் கலந்தது. தண்ணீரோ, மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் பக்கம் போனால் உப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நிபந்தனை. துளைகளின் மேல் இருக்கும் மூடி எல்லாம் மூடியிருக்கும்போதுதான் அந்த எண் செல்லும். ஒன்று திறந்திருந்தாலும் ஐபி 65 என்பது வெறும் ஸ்டிக்கர்.

இதை நம் விவசாயிக்கு விளக்க வேண்டியதே இல்லை. எவ்வளவு உயரமாக வரப்பு போட்டாலும் ஒரு நண்டு வளை போதும், விடிவதற்குள் கட்டிய தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்விடும். கல்லணைக் கால்வாயின் கடைமடையில் தண்ணீருக்குக் காத்திருந்து பயிர் வைக்கும் ஊரில், வளையைத் தேடி மிதித்து அடைப்பது அன்றாட வேலை. ரப்பர் மூடி விஷயமும் அதேதான்.

டெல்டாவின் பொறுமையான எதிரிகள்

ஆய்வகம் சோதிப்பது புதிய இயந்திரத்தை, சில நாட்களுக்கு. நாம் வைத்திருப்பது ஆறேழு வருடம். அதனால் இங்கே லேப்டாப்பைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரே அடியில் விழும் விழுதல் அல்ல, தினம் கொஞ்சமாக வேலை செய்யும் எதிரிகள்.

முதலாவது தூசி. வயலிலிருந்து திரும்பியதும் உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் மூடிகளின் ஓரத்தையும் விசைப்பலகையையும் தட்டிவிட வேண்டும். பிறகு, பிழிந்த ஈரத்துணியால் கூட்டைத் துடைத்தால் போதும். பஞ்சர் கடைக்குப் போய்க் காற்றடிக்கும் குழாயை வைத்து ஊதுவது பலருடைய பழக்கம். அது வேண்டாம். அந்த அழுத்தம் தூசியை இன்னும் உள்ளே தள்ளும். காற்றோடு தண்ணீர்த் துளியும் எண்ணெய்ப் பிசுக்கும் வரும். விசிறி இருக்கும் மாடலென்றால், அது தாறுமாறாகச் சுழன்று பேரிங் போகும்.

இரண்டாவது சூடு. தூசி நுழையாமல் அடைத்த இயந்திரத்துக்குள் காற்றும் தாராளமாகப் போய்வராது. பல முரட்டு லேப்டாப்புகள் உள்சூட்டைத் தங்கள் உலோகக் கூட்டின் வழியாகத்தான் வெளியேற்றுகின்றன. அதைச் சாக்கின் மேலோ, நெல் குவியலின் மேலோ, வைக்கோல் மேலோ வைத்தால் போர்வை போர்த்தியது போல ஆகிவிடும். ஒரு பலகைத் துண்டு போதும், நிழலில் இருந்தால் நல்லது.

மூன்றாவது ஈரம். குளிரூட்டிய காரிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ புழுக்கமான வெளிக்காற்றுக்கு எடுத்து வந்தால் சில்லென்றிருக்கும் கூடு வியர்க்கும். கால் மணி, அரை மணி அப்படியே விட்டு, உலர்ந்த பிறகு இயக்க வேண்டும். கடற்கரையில் உப்புத் தண்ணீர் பட்டால் தானாகக் காயட்டும் என்று விடக்கூடாது. காய்ந்தால் உப்பு மட்டும் தங்கி உலோகத்தை அரிக்கும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிட்டு, பிறகு உலரவிட வேண்டும். அதுவரை மூடிகளைத் திறக்கக் கூடாது.

நான்காவது மின்சாரம். லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுக்கொண்டு தொட்டால் கையில் சுர்ரென்று லேசாக இழுக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. உலோகக் கூடு கொண்ட கணினியில் இது அதிகம் தெரியும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் எக்ஸ்டென்ஷனில் மாட்டுவதும், சுவரில் எர்த் சரியில்லாததும்தான் பெரும்பாலும் காரணம். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜெனரேட்டரை இழுத்து ஓடவிடும் நேரத்தில் அடாப்டர் மாட்டியிருக்கக் கூடாது. இடி மின்னல் என்றால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும்.

ஐந்தாவது காலம். ரப்பர் நிரந்தரம் இல்லை. வெயிலிலும் எண்ணெயிலும் இறுகும், வெடிக்கும். மாதம் ஒருமுறை மூடியின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு தடவை பலமாகக் கீழே விழுந்துவிட்டால், திரை எரிகிறது என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். கூட்டின் இணைப்பில் மயிரிழை விரிசல் விட்டிருந்தால் அன்றைக்குத் தெரியாது, அடுத்த மழையில் தெரியும்.

அரிசிப் பானை வைத்தியம்

நனைந்த செல்போனை அரிசிக்குள் புதைப்பது உலகம் முழுக்க நடக்கிறது. நெல் விளையும் ஊரில் கேட்கவே வேண்டாம், லேப்டாப்பையே அரிசி மூட்டைக்குள் வைத்தவர்கள் உண்டு. ஆனால் ஐபோனை அரிசியில் வைக்காதீர்கள், நுண்ணிய துகள் உள்ளே போய்ச் சேதமாக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-இல் தன் உதவிக் குறிப்பில் சொல்லிவிட்டது. தவிட்டு மாவும் ஈரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லவா வேண்டும்?

நனைந்தால் செய்ய வேண்டியது எளிது. உடனே அணைக்க வேண்டும். அடாப்டரைப் பிடுங்க வேண்டும். முரட்டு லேப்டாப் பலவற்றில் பேட்டரியை ஒரு தாழ்ப்பாளைத் தள்ளினாலே கழற்றலாம், அதையும் கழற்றிவிட வேண்டும். லேப்டாப்பைத் திறந்து, கூடாரம் போலக் கவிழ்த்து, காற்றோட்டத்தில் நிறுத்த வேண்டும். சுடு காற்று அடிக்கும் டிரையர் கூடாது. "வேலை செய்யுதான்னு பார்ப்போம்" என்று பட்டனை அமுக்கவே கூடாது. தண்ணீரால் போகாத பலகை அந்த ஒரு அமுக்கலில் போய்விடும். உள்ளே நீர் போயிருக்கும் என்று தோன்றினால் அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோக வேண்டும். நாள் கடந்தால் செம்புக் கோடுகளில் பச்சை பூக்கும்.

நெல்லை எடுத்துக்கொண்டு கொள்முதல் நிலையத்தில் நிற்கும் விவசாயிக்கு 17 சதவீதம் என்றால் என்னவென்று தெரியும். அதற்கு மேல் ஈரப்பதம் என்றால் களத்தில் மறுபடி கொட்டி உலர்த்த வேண்டும், இல்லையென்றால் அரசு தளர்வு அறிவிக்கும்வரை காத்திருக்க வேண்டும். நெல்லுக்கு நாம் காட்டும் அந்தக் கவனத்தில் பாதி போதும் இந்தப் பெட்டிக்கு.

பேட்டரி உப்பினால்

முரட்டுக் கூட்டுக்குள் இருப்பதும் எல்லா லேப்டாப்பிலும் இருக்கும் அதே லித்தியம் பேட்டரிதான். அதற்கு வெயில் ஆகாது. பூட்டிய காரில், பைக் பெட்டிக்குள் மதியம் முழுக்க விடக்கூடாது. அறுவடை முடிந்து மாதக்கணக்கில் எடுத்து வைப்பதானால் முழுச் சார்ஜிலும் வைக்காமல், வறட்டி எடுத்தும் வைக்காமல், பாதி அளவில் அணைத்து வைப்பது நல்லது.

அடிப்பக்கம் உப்பிக்கொண்டு வந்தால், விசைப்பலகை மேடு தட்டினால், அன்றோடு அந்தப் பேட்டரியின் வேலை முடிந்தது. அமுக்கிச் சரிசெய்யக் கூடாது, குத்தக் கூடாது, சார்ஜ் போடக் கூடாது. கூளத்தோடும் தென்னை மட்டையோடும் சேர்த்துக் கொளுத்திவிடவே கூடாது, வெடிக்கும். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகள் திரும்பச் சேகரிக்கப்பட ஏற்பாடு செய்ய வேண்டியது உற்பத்தியாளரின் பொறுப்பு. வாங்கிய கடையில் கேளுங்கள்.

கஜா சொல்லிக்கொடுத்தது

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரை கடந்தது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில். ஆனால் பட்டுக்கோட்டையிலும் பேராவூரணியிலும் விடிந்தபோது தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன. புயல் பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் இருந்தன.

2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் அதற்குள் பல வீடுகளுக்குள் வந்துவிட்டிருந்தது. அவை ஒன்றும் முரட்டு ரகம் அல்ல. சாதாரண பிளாஸ்டிக் கூடு. ஓடு பறந்த வீட்டில் எந்த ரகமானாலும் அதைக் காப்பாற்றுவது கூட்டின் கெட்டி இல்லை, முந்தின நாள் செய்த வேலை. புயல் எச்சரிக்கை வந்ததும் முழுச் சார்ஜ் ஏற்றி, அணைத்து, தடித்த பிளாஸ்டிக் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி, தரையில் வைக்காமல் கான்கிரீட் கூரையின் கீழ் உயரத்தில் வைப்பது அந்த வேலை. பட்டா நகல், சான்றிதழ், பிள்ளைகளின் படம் எல்லாவற்றையும் பென்டிரைவிலோ இணையச் சேமிப்பிலோ இன்னொரு பிரதி எடுத்து வைப்பதும் அதில் சேரும். இயந்திரத்தைத் திரும்ப வாங்கலாம். உள்ளே இருந்ததை எந்தக் கடையில் வாங்குவது?

2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று தமிழக அரசு அறிவித்தது. முரட்டு லேப்டாப்புக்குச் சொன்ன பழக்கங்களில் பெரும்பாலானவை அவற்றுக்கும் பொருந்தும். சொல்லப்போனால், ரப்பர் மூடி இல்லாத அவற்றுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

கடையில் அன்று மெக்கானிக்கின் லேப்டாப் பிழைத்துக்கொண்டது. ஒரு துளை மட்டும் போனது போனதுதான் என்றார் தம்பி. மெக்கானிக்கிடம் காசை வாங்கிக்கொண்டு, தாளில் இருந்த உமியையும் எறும்பையும் ஒரு பொட்டலமாக மடித்து, லேப்டாப்போடு சேர்த்து நீட்டினார்.

"இது எதுக்குடா தம்பி?"

"பையிலயே வச்சிக்குங்கண்ணே. அடுத்த தடவ வயரை உருவும்போது கையில தட்டுப்படட்டும்."

மெக்கானிக் சிரித்துவிட்டுப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு லேப்டாப்பைப் பக்கவாட்டில் திருப்பி மூன்று மூடிகளையும் கட்டை விரலால் ஒவ்வொன்றாக அழுத்தினார். 'டப்' என்று மூன்று சத்தமும் கேட்ட பிறகுதான் பைக்குள் வைத்தார்.