பிரிக்கப்படாத கடித உறை

கல்விக் கடன் பெற்ற சில இல்லங்களில், வங்கி அனுப்பிய கடிதம் பிரிக்கப்படாமலே கிடக்கிறது. மகனுக்கு எதிர்பார்த்த வேலை அமையவில்லை. உடன் கையொப்பமிட்ட தந்தைக்கோ கிளைக்கு வரக் கூச்சம். அந்த மௌனத்தில்தான் கடன் வளர்கிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நான்காண்டுப் படிப்புக்கு ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 1 லட்சம் ரூபாய், 10 சதவீத வட்டியில் பெற்றதாகக் கொள்வோம். படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை இல்லை. எனினும் தனிவட்டி சேர்ந்து நிலுவை 5.40 லட்சமாகிறது. அதனை 7 ஆண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 8,960 ரூபாய் வேண்டும். 15 ஆண்டுகளாக நீட்டித்தால் சுமார் 5,800 ரூபாய் போதும். மொத்த வட்டி கூடும் என்பது உண்மையே. ஆயினும் குடும்பம் மூச்சுவிட இடம் கிடைக்கும். ஊதியம் உயரும்போது கூடுதலாகச் செலுத்தி முன்னதாகவே முடித்துவிடலாம்.

தவணை 90 நாட்களுக்கு மேல் தவறினால் கணக்கு வாராக் கடனாக வகைப்படுத்தப்படும். பிள்ளை, பெற்றோர் இருவரின் கடன் வரலாறும் பாதிக்கப்படும். அந்நிலை வருமுன், சம்பளச் சீட்டு அல்லது வேலை தேடும் விவரங்களுடன் கிளை மேலாளரைச் சந்தியுங்கள். தவணைக் கால நீட்டிப்பை எழுத்து மூலம் கோருங்கள். இன்னும் படித்துக்கொண்டிருப்போர் வட்டியை மட்டுமேனும் அவ்வப்போது செலுத்திவந்தால், மேற்கண்ட 1.40 லட்சம் சுமையாகச் சேராது.

கடன்பட்டது கல்விக்காக, அதில் நாணுவதற்கு ஏதுமில்லை. இன்றே அந்த உறையைப் பிரியுங்கள்.